என்ஜி போட்ட சைக்கிள்

மண்ணூரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்குப் பதினோராயிரம் பிரேக் பேடு தயாராகிறது. உலகத்தில் எங்கெங்கோ ஓடும் கார்கள் நிற்பதற்கு அவை உதவுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கனம் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பவர்களில் ஒருவன் சுடலைக்கண்ணு. அவனே தினமும் பிரேக் இல்லாத சைக்கிளில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தான்.

பிரேக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஹேண்டில்பாருக்குக் கீழே கம்பி இருந்தது. அழுத்தினால் கம்பி மேலே ஏறும். கம்பியின் முனையில் இருந்த இரண்டு தகடுகளும் சக்கரத்தின் வளையத்தைத் தொடும். தகட்டுக்குள் இருக்க வேண்டிய ரப்பர் கட்டை மட்டும் எந்த வருஷம் தேய்ந்து போனது என்று யாருக்கும் தெரியாது. மண்ணூரில் அவன் வாடகைக்கு இருந்த அறையின் மாடிப்படிக்குக் கீழே துணி காயப்போடும் கொடிக்கம்பமாக நின்ற சைக்கிள் அது. வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவன் எடுத்துக்கொண்டான். சைக்கிளை நிறுத்துவதற்குக் கம்பெனி கொடுத்த பாதுகாப்புக் காலணி இருந்தது. இடது காலைத் தரையில் தேய்த்தால் பத்தடியில் வண்டி நின்றுவிடும். ஸ்டோரில் புதுக் காலணி கேட்டபோது, "இன்னாப்பா, ஒத்தக் கால்லயா நடக்கிற?" என்று கேட்டார்கள்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து அவன் இங்கே வந்து நான்கு வருஷமாகிறது. நான்கு வருஷமும் காண்டிராக்ட்தான். மனைவி பாண்டிச்செல்வியும் மூன்று வயது கனிஷ்காவும் ஊரில் இருந்தார்கள். பெர்மனென்ட் ஆனதும் வீடு பார்த்து அழைத்துக்கொள்வதாக அவன் சொன்னபோது கனிஷ்கா பிறக்கவில்லை. இப்போது அவளே போனில், "அப்பா, லிஸ்டு வந்துட்டா?" என்று கேட்கிறாள். 'அப்பா' என்பதற்கு முன்னால் அந்த வார்த்தையைத்தான் கற்றுக்கொண்டாள் என்று பாண்டிச்செல்வி சொல்வாள்.

பெர்மனென்ட் ஆகிறவர்களின் லிஸ்டு இந்த மாதக் கடைசியில் வருவதாக இருந்தது. ஆறு பேர். மாதத்தில் மூன்று முறை தாமதமாக வந்தவன் பெயர் அதில் இருக்காது. மழையினால் ஒரு முறை அவன் ஏற்கெனவே தாமதமாக வந்திருந்தான்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறது என்று கம்பெனிக்குச் சுத்தம் பிடித்துக்கொண்டது. வேண்டாத பொருள் எதைக் கண்டாலும் அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் அதற்குரியவர் படிவம் எழுதிக் குறையைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் பொருள் ஸ்கிராப்புக்குப் போய்விடும். உடைந்த நாற்காலி, ஓடாத மின்விசிறி, காலாவதியான காலண்டர் என்று கட்டிக்கொண்டே போனவர்கள் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் வந்தார்கள். மாலையில் சுடலைக்கண்ணு வந்து பார்த்தபோது அவன் வண்டியின் கழுத்தில் சிவப்பு அட்டை தொங்கியது. 'பிரேக் இல்லை. ஆபத்து.'

சூப்பர்வைசர் மோகன்ராஜ் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"சார், இது என் சொந்த வண்டி."

"கேட்டுக்குள்ள வந்தா எல்லாம் ஒண்ணுதான்யா."

"அப்போ வெளிய கொண்டு போயிருதேன்."

"சிவப்பு அட்டை கட்டுனது வெளிய போவணும்னா கேட் பாஸ் வோணும். பாஸ் வோணும்னா அட்டைய க்ளோஸ் பண்ணணும். க்ளோஸ் பண்ணணும்னா பிரேக் போடு."

"பிரேக் போட வண்டிய கடைக்குக் கொண்டு போகணும்லா சார்?"

மோகன்ராஜ் சற்று யோசித்தார். "அது உன் பிரச்சன."

மறுநாள் காலை நடந்து வந்தான். ஐந்து கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. ஆறு மணி ஷிப்டுக்கு ஆறு ஏழுக்குக் கார்டு தேய்த்தான். இரண்டாவது முறை. அதற்குப் பிறகு தினமும் நாலரைக்கே கிளம்பினான்.

வண்டியைக் கொண்டுபோக முடியாது. ஆகவே தகடுகளை மட்டும் கழற்றி, மதியச் சோற்று டப்பாவின் அடியில் போட்டு, மேலே மிச்சத் தயிர்சோற்றைப் பரப்பி வெளியே கடத்தினான். சொந்தச் சாமானைத் திருடியவன் என்ற பெருமை அந்தத் தொழிற்பேட்டையில் அவன் ஒருவனுக்குத்தான் இருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் சைக்கிள் கடைக்காரர் தேவநாதன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்த சோற்றுப் பருக்கையை எடுத்து எறிந்தார்.

"இன்னாது இது, சாமி படையலா?"

"பிரேக் தகடுண்ணே. இதுக்குள்ள போற கட்டை வேணும்."

அவர் பெட்டி பெட்டியாக இறக்கினார். டிஸ்க் பிரேக்குக்கு இருந்தது, கியர் சைக்கிளுக்கு இருந்தது, குழந்தைகள் சைக்கிளுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில்கூட இருந்தது. கம்பி பிரேக்குக்கும் ஒரு ஜோடி இருந்தது. ஆனால் அது இரண்டு நூல் அகலம் கூடுதல். தகட்டுக்குள் ஏறவே இல்லை.

"பழைய அளவுப்பா. இப்ப எவனும் போடறது கெடயாது. வண்டிய குடுத்துட்டு புதுசு எடுத்துக்கயேன். வண்டி எங்க கீது?"

"ஜெயில்ல இருக்கு."

தேவநாதன் பெட்டிகளை மறுபடி மேலே ஏற்றத் தொடங்கினார்.

அறையில் கூட இருந்த மகாராஜா, "லே, கையில போன வச்சுக்கிட்டு ஊரெல்லாம் அலையுதியே" என்று சிரித்துவிட்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டான். 'பழங்கால சைக்கிள் பிரேக்' என்று தேடியதற்கு நான்கு நட்சத்திரம் வாங்கிய ஒரு பொருள் இரண்டே நாளில் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால், பழங்கால சைக்கிள் வடிவத்தில் ஒரு சாவிக்கொத்து.

"பிரேக் இருக்கு பாருல, குட்டியா" என்றான் மகாராஜா. உண்மைதான். சாவிக்கொத்தில் பிரேக் இருந்தது.

அன்று ஞாயிறு. பாண்டிச்செல்வி போன் செய்தாள்.

"லிஸ்டு ஒட்டிட்டாவளா?"

"இன்னும் இல்ல."

"சைக்கிளாவது ஓடுதா?"

"ஓடுததுல பிரச்சனை இல்ல. நிக்கதுதான் பிரச்சனை."

"நாலு வருசமா உங்க வேலையும் அப்படித்தான இருக்கு" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

மறைமலை நகர் வரைக்கும் பஸ் ஏறிப் போய், மூன்று கடைகளில் தகட்டை நீட்டி, மூன்று விதமான சிரிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். லாரி டயர் பஞ்சர் பார்க்கும் இந்திராணியின் கடை மண்ணூர் முனையில் இருக்கிறது. ஆள் உயர டயரைக் கால்முட்டியால் தள்ளிக்கொண்டு போகிறவள். தகட்டைப் பார்த்தாள், ஓரத்தில் கிடந்த கிழிந்த லாரி டயரைப் பார்த்தாள், கத்தியை எடுத்தாள்.

"இதுக்காடா மறைமலை நகர் போய்ட்டு வந்த? முப்பது டன்னு சொமக்கிற ரப்பர், ஒன்ன நிறுத்தாதா?"

கால் மணி நேரத்தில் இரண்டு கட்டை. தட்டி ஏற்றியதும் தகட்டுக்குள் உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் தயிர்சோற்றுக்கு அடியில் தகடுகள் உள்ளே திரும்பின. ஷிப்டுக்கு முன்பே ஸ்டாண்டில் வைத்து வண்டியில் மாட்டினான். அழுத்தினான். சக்கரம் அப்படியே நின்றது. மிச்சம் இருந்தது படிவம் மட்டும்தான்.

படிவம் காருக்கும் பைக்குக்கும் அச்சடித்தது. 'இடது கட்டையின் கனம்', 'வலது கட்டையின் கனம்', 'முடிவு' என்று மூன்று கட்டம். சட்டைப்பையில் கனம் அளக்கும் காலிப்பர் எப்போதும் இருக்கும். அளந்தான். இடது 9.8 மில்லிமீட்டர். வலது 10.2. நாலு புள்ளி வித்தியாசம். அவன் லைனில் இரண்டு புள்ளிக்கு மேல் போனால் ஒதுக்கிவிட வேண்டும். நல்ல பேடுக்கு ஓகே, ஒதுக்கியதற்கு என்ஜி என்று எழுதுவார்கள். 'நாட் குட்' என்பதன் சுருக்கம். நான்கு வருஷமாக, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில், எண்ணைப் பார்த்ததும் மூளையைக் கேட்காமல் கை எழுதும். அன்றும் எழுதியது. என்ஜி. கையெழுத்தும் போட்டு, பெட்டிக்குள் படிவத்தைப் போட்டுவிட்டு லைனுக்குப் போனான். பத்து மணி டீ இடைவேளையில், டம்ளர் உதட்டுக்குப் போகும்போதுதான் மூளை வந்து சேர்ந்தது.

ஓடினான். மோகன்ராஜ் கையில் படிவம் இருந்தது.

"யோவ், ஒன் வண்டிக்கு நீயே என்ஜி போட்டுக்கினியா?"

"அளவு தாண்டிட்டு சார்."

"எவன்யா அளக்க சொன்னான்?"

"கட்டம் இருந்திச்சு சார்."

மதியம் சாப்பிடாமல் உப்புத்தாளை வைத்து வலது கட்டையைத் தேய்த்து 9.9-க்குக் கொண்டுவந்தான். படிவத்தைத் திருத்தக் கேட்டான்.

"என்ஜி ஓகே ஆவணும்னா ரீவொர்க் படிவம் போடணும். அதுல பார்ட் நம்பர் கேக்கும். ஒன் வண்டிக்கு பார்ட் நம்பர் கீதா?"

இல்லை. சனிக்கிழமை மாலை ஸ்கிராப் லாரி வந்தது. உடைந்த நாற்காலி, மின்விசிறி, காலண்டர்களோடு, அந்த வளாகத்திலேயே சரியாகப் பிரேக் பிடித்த ஒரே சைக்கிளும் ஏறியது. கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடையில் சுடலைக்கண்ணு காத்திருந்தான். லாரிக்காரர் எடை போட்ட விலைக்கே இறக்கிக் கொடுத்தார். சிவப்பு அட்டையை இலவசமாகத் தந்தார்.

அன்றிலிருந்து டீக்கடைக்குப் பின்னால் வண்டியை விட்டுவிட்டு நடந்து கேட்டைத் தாண்டினான். மூன்றாவது தாமதம் நடக்கவில்லை.

ஆடிட் வந்தவர்களுக்குக் காட்ட ஏதாவது நல்ல படிவம் வேண்டுமே என்று தேடியபோது சுடலைக்கண்ணுவின் படிவம்தான் அகப்பட்டதாம். சொந்த வாகனத்தையே நிராகரித்த தொழிலாளி! அதைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டினார்கள். வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாதக் கடைசியில் லிஸ்டு ஒட்டினார்கள். நான்காவது பெயர் அவனுடையது.

பாண்டிச்செல்வி முதலில் நம்பவில்லை. லிஸ்டைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு அதைக் கனிஷ்காவிடம் காட்டினாள். அப்புறம், "வீடு பாக்கும்போது தண்ணி வருமான்னு கேட்டுப் பாருங்க" என்றாள்.

பெர்மனென்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு என்று அவனுக்கு அட்டை கொடுத்தார்கள். பஸ் மண்ணூர் வழியாகப் போவதில்லை. மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு அவன் சைக்கிளில் வந்து, கேட்டுக்கு முன்னால் மஞ்சள் கோட்டுக்கு ஒரு விரல் முன்பாக, கால் தரையில் படாமல் நின்றான். ஒதுங்கி ஓடப்போன செக்யூரிட்டி பாதியில் நின்று பார்த்தார்.

"பிரேக் சூப்பரா புடிக்குதேப்பா!"

"பிடிக்கத்தான் செய்யுது" என்றான் சுடலைக்கண்ணு. "ஆனா என்ஜிண்ணே." வண்டியைத் திருப்பி டீக்கடைப் பக்கம் உருட்டிக்கொண்டு போனான்.