தீபத்துக்கு முன் ஒரு மாத்திரை

அந்த மாத்திரைக்கு வாசனையே கிடையாது. ஆனாலும் கார்த்திகை மாதத்தில் எங்கிருந்தாவது நெய் உருக்கும் மணம் வந்தால், என் நாக்கு கசக்கும்.

எந்தப் புத்தகம் படித்து நாத்திகம் பேச ஆரம்பித்தீர்கள் என்று போன வாரம் ஒரு நண்பர் கமெண்டில் கேட்டிருந்தார். புத்தகமெல்லாம் ஒன்றும் இல்லைங்க...

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை அது. திருவண்ணாமலையில் தீபம் நெருங்கும்போது மெடிக்கல் ஷாப்பில் அதன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. "தீபம் வருதுங்க" என்றால் போதும், கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார். யாருக்கு, என்ன வயது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு முதல் முறை அம்மா கொடுத்தபோது வயது பதின்மூன்று.

தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பெரியம்மா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் வந்து இறங்குவார்கள். எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலை உச்சி முழுசாகத் தெரியும், அதற்காகத்தான் அத்தனை பேரும். மாதவிலக்காகித் தூரமான பெண் மட்டும் மாடிக்கு வரக்கூடாது. பின்பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மேலே எல்லாரும் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

பத்தாவது படித்த வருடம், மாத்திரை போட்டும் தீபத்தன்று மதியமே வந்துவிட்டது.

சொல்லவில்லை. அந்த அறைக்குள் போய் உட்கார என்னால் முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான். மாடிக்குப் போனேன். உச்சியில் தீபம் தெரிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து அரோகரா சொன்னேன். கீழே வந்து அகல் விளக்குகளையும் நானே ஏற்றினேன். அப்போது எனக்கு அவ்வளவு பக்தி. தப்பு செய்கிறேன், மன்னித்துவிடு என்று உருகி உருகித்தான் கும்பிட்டேன்.

அப்பாவுக்கு அரசாங்க வேலை. அவர் தீப டூட்டி முடித்து மறுநாள் காலைதான் கிளம்பினார். வீடு வந்து சேரவில்லை. வேங்கிக்கால் ரோட்டில் வண்டியோடு விழுந்து, இடது கால் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில், பயம் தாங்காமல் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அடிக்கவில்லை. கத்தவும் இல்லை.

"உன்னாலதான்டி அவருக்கு இப்படி ஆச்சு."

பெரியம்மாவும் சித்தியும் பக்கத்திலேயே நின்றார்கள். சின்னப் பெண், விடு என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

அப்பா காலை ஊன்றி நடக்க எட்டு மாதம் ஆனது. அதற்கப்புறமும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். அந்த நடையைத் தினமும் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். பரிகாரமாக, பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனேன்... பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாமல், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல். வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் நானே மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். காலேஜ் இரண்டாம் வருடம், உதிரம் நிற்காமல் மயங்கி விழுந்தேன். இஷ்டத்துக்கு இதையெல்லாம் யார் கொடுத்தது என்று டாக்டர் என் அம்மாவைத் திட்டினார். சாமி காரியங்க என்றாள் அம்மா.

கல்யாணமாகி மகளும் பிறந்த பிறகு ஒரு நாள். ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு என் கணவர் மறுபடி பைக் சாவியை எடுத்தார். அப்பா தடுத்தார்.

"தூங்காம வண்டி எடுக்காதீங்க மாப்ள. நான் அப்படித்தான் விழுந்தேன். ரெண்டு நாளு தீப டூட்டி, கண்ணே மூடல. ஓட்டிக்கினு இருக்கும்போதே தூங்கிட்டேன்."

கையில் காபி டம்ளரோடு அப்படியே நின்றேன். இது உனக்கு அப்போதே தெரியுமாப்பா என்று கேட்டேன்.

"தெரியும்மா. உங்கம்மா ஏதோ சொல்லிக்கினு இருந்தா. சாமி விஷயம், நாம ஏன் குறுக்க பேசணும்னு விட்டுட்டேன்."

விட்டுட்டாராம். பன்னிரண்டு வருடம்! என் முகத்தைப் பார்த்துச் சோறு தின்றுகொண்டே விட்டுட்டாராம்.

தூக்கக் கலக்கத்தில் விழுந்த ஒரு மனிதரின் காலுக்கு, பதினைந்து வயதுப் பெண்ணின் தீட்டைக் காரணம் சொல்ல எல்லாருக்கும் ஒரு சாமி தேவைப்பட்டது. அப்படிப்பட்ட சாமி எனக்கு வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நாளில், அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று புரிந்துபோனது.

இனி கும்பிட மாட்டேன் என்று சொன்னபோது அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பா கண் கலங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வராந்தாவில் நான் அழுதபோது இந்தக் கண்ணீரெல்லாம் எங்கே போயிருந்தது?

இப்போது என் மகளுக்கு வயது பதினைந்து. வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய வீட்டு மாடியிலிருந்தும் மலை தெரிகிறது. போன தீபத்துக்கு முன்பு அம்மா போன் செய்து, பேத்தியின் தேதியைக் கேட்டாள். இந்த வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

தீபத்தன்று ஹாலில், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் மகள் சாதாரணமாகச் சொன்னாள். "எனக்கு பீரியட்ஸ், வயிறு வலிக்குது. சேர் ஒன்னு மேல எடுத்துக்கினு வாங்க."

மாடிக்கு ஏறி, மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆமாம், அவளுக்கு நம்பிக்கை உண்டு. அது அவள் இஷ்டம். அம்மா மட்டும் மாடியின் அந்தக் கோடிக்கு நகர்ந்து நின்றுகொண்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபடி நின்றேன்.

மறுநாள் காலை என் கணவர் பைக்கில் வேலைக்குக் கிளம்பினார். நன்றாகத் தூங்கி எழுந்தவர். ஹெல்மெட் போட்டிருந்தார். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும்... பதின்மூன்று வருடமாக எந்தச் சாமியையும் நம்பாத நான், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவரிடமிருந்து மெசேஜ் வரும்வரை கேட்டை விட்டு நகரவில்லை. எனக்குள் அவர்கள் போட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. அதை நினைத்தால்தான் ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.

மகளுக்கு அன்று ஸ்கூல் லீவு. பத்து மணிக்கு எழுந்து வந்து, டிபன் என்ன என்று கேட்டாள். அப்பா போய்ச் சேர்ந்தாரா என்று கேட்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.