ஆட்டம் இல்லாத சனிக்கிழமை, ஸ்டேடியம் பக்கம் ஒரு டபுள் பார்க்கிங்

பினாங்கில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஜார்ஜ் டவுன் பழைய தெருக்களைச் சுற்றிப் பார்ப்பதில் ஒரே பிரச்சினை காரை எங்கே விடுவது என்பதுதான். ஆட்டம் இல்லாத நாளில் ஸ்டேடியம் பக்கம் காலியாக இருக்கும், அங்கே விட்டுவிட்டு பஸ் பிடி என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். போன மாதம் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். பார்க்கிங் கிடைத்தது. அதற்கு முன்னால் நான் செய்த காரியத்தையும் எழுதிவிடுகிறேன்.

காலை 8.40க்கு புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கிளம்பினேன். பாலத்து டோல் 5 வெள்ளி (ரிங்கிட்) 74 காசு. ஏறக்குறைய 27 கிலோமீட்டர். பாலத்தில் நெரிசல், ஸ்டேடியம் வாசலுக்கு வரும்போது 9.35. காலி என்று சொன்னவர் எந்தக் காலத்தில் வந்தாரோ தெரியவில்லை. ஓட வருகிறவர்கள், பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் என்று வாசல் பக்கத்துப் பார்க்கிங் பெட்டிகள் எல்லாம் நிறைந்திருந்தன. வாசலுக்கு முன்னாலேயே இரண்டு முறை சுற்றினேன். எனக்குப் பொறுமை போய்விட்டது.

நம் ஊர் வழக்கம் தெரியும்தானே. இடம் இல்லையென்றால் நிற்கிற காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்துவோம். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுவோம். வேண்டியவர்கள் தள்ளிக்கொள்வார்கள். டேஷ்போர்டில் போன் நம்பரும் இருக்கும். நான் டெக்னீஷியன். லேசான சரிவில் பிரேக் போடாமல் காரை விடுவது முட்டாள்தனம் என்பது என் கட்சி. ஒரு சிவப்பு காரின் பின்னால் நிறுத்தி, பிரேக்கை இழுத்து, நம்பரைப் பெரிதாக எழுதி வைத்தேன். போனில் ஆறு சதவிகிதம் சார்ஜ்தான் இருந்தது. பவர் பேங்கில் செருகி சீட்டிலேயே வைத்துவிட்டு, எதிரே ஒட்டுக்கடைக்குச் சாப்பிடப் போனேன். அப்போது மணி 9.50. பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு பெட்டி காலியாகும் என்பது கணக்கு.

ரொட்டி சானாய் நன்றாக இருந்தது. இன்னொன்று சொன்னேன். கடை டிவியில் முந்தின நாள் ஆட்டம் ஓடியது. நடுவில் வெளியே யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். இந்த ஊரில் ஒருத்தனுக்கும் பொறுமை இல்லை என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னது நான்தான்.

10.35க்கு வெளியே வந்தால் என் காரைச் சுற்றி நான்கு பேர். மூன்று ஆண்கள் தள்ளிப் பார்த்துக் களைத்திருந்தார்கள். நான்காவது, சிவப்பு காரின் சொந்தக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். அயர்ன் பண்ணிய சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல், இன்னொரு கையில் போன்.

"உங்க நம்பருக்குத்தான் அடிச்சிக்கிட்டு இருக்கேன் தம்பி. பாருங்க, உள்ளயே மணி அடிக்குது."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சீட்டில் என் போன் மின்னிக்கொண்டிருந்தது. தள்ளியவர்களில் ஒருவர், நம்பரை நல்லா பெருசா எழுதியிருக்கார் லா என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு, பதிவு பதினொரு மணிக்கு முடியும் என்றார் அந்தப் பெண். எட்டு மாதமாக வேலை இல்லையாம். கிராப் டாக்சி கூப்பிட்டிருக்கலாமே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "இதோ வந்துடுவீங்க, இதோ வந்துடுவீங்கன்னு நின்னுட்டேன்" என்றார்.

காரை எடுத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். அங்கிருந்து பிறைக்கு சனிக்கிழமையில் நாற்பது நிமிடம். நானும் பிறையில்தான் வேலை செய்கிறேன். பதினொன்று என்றால் அங்கே தொழிற்சாலை கேட் பதினொன்றுக்கு மூடும்.

பிறகு ஸ்டேடியத்தின் பின்பக்கம் போனேன். வரிசையாகக் காலிப் பெட்டிகள். மணிக்கு 80 காசு, போனில் பார்க்கிங் ஆப்பில் கட்டலாம். வாசலுக்கு நடை நான்கு நிமிடம். பழைய தெருக்களுக்குப் போகவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் கட்டிவிட்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

போனில் பதினொரு தவறிய அழைப்புகள். முதலாவது 9.58. சாயங்காலம் அந்த நம்பருக்கு அடித்தேன். கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை என்றார். எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க நல்ல மனசோடதான் கேக்குறீங்க. ஆனா உங்க குரலக் கேட்டாலே எனக்கு அந்த ரோட்டுல நிக்கிற மாதிரி இருக்கு. வேணாம் தம்பி" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அடிக்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஒன்பதுக்கு முன்னால் போனால் வாசல் பக்கமே இடம் கிடைக்கலாம். பிந்தினால் சுற்றாதீர்கள், நேராகப் பின்பக்கம் போங்கள். ஆப்பில் முன்கூட்டியே பணம் போட்டு வையுங்கள். இன்னொரு காரின் பின்னால் நிறுத்தாதீர்கள். அந்தக் காருக்குரியவர் எங்கே போக வேண்டியவர் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்கு இப்போது தெரியும், அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.