ஓரிரு இடங்களில்

பங்குனி வெயில் ஏற ஏற எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். காப்பிச் செடியில் மொட்டுகள் கணுவுக்குக் கணு அரிசி மணி போல நின்று மழைக்குக் காத்திருக்கும் நாட்கள் அவை. மண் ஊறும்படி ஒரு மழை பெய்தால் எட்டு ஒன்பது நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். பூத்தால்தான் காய். சேலத்து மலைமேல் வெள்ளக்கடையில் எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர், அதில் வரும் காப்பியை வைத்துத்தான் வருடம் முழுக்க அடுப்பெரிகிறது.

நான் சொல்வது இரண்டு வருடத்துக்கு முந்திய பங்குனி. அந்த வருடம் மாசியிலேயே வெயில் தொடங்கிவிட்டது. சவுக்கு மரத்து நிழலில் உட்கார்ந்தாலும் முதுகு காந்தியது. மலையில் இப்படி ஒரு வெயிலை நான் கண்டதில்லை.

தோட்டத்து மேட்டில் பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டை ஒன்று உண்டு. ஐப்பசியில் ஊற்றுத் தண்ணீர் வந்து நிரம்பும். மழை தவறினால் செம்மநத்தத்தில் இருந்து டீசல் எஞ்சினை வாடகைக்குக் கொண்டுவந்து, அந்தத் தண்ணீரைத் தெளித்து மொட்டை விரியவைத்துப் பூவை எடுத்துவிடலாம். ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும்.

எங்கள் மகள் சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணி வானிலை அறிக்கையை வாசித்துச் சொல்வாள். சேலம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும், மற்ற இடங்களில் வெப்பம் இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும் என்று வரும். தொடர்ந்து நாலு நாள் இதேதான் வந்தது. அறிக்கையின் முதல் பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது. ஓரிரு இடம் என்றால் அது நம்ம மலையாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அப்போது எங்கள் மாரியம்மன் கோவிலில் கம்பம் நட்டிருந்தோம். மூன்று கவையாகக் கிளை பிரிந்த மரத்தை அம்மனுக்கு முன்னால் நட்டு, தினமும் காலையில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக ஊற்றுவது வழக்கம். கம்பத்தைப் பிடுங்குவதற்குள் அம்மன் ஊரை நனைத்துவிடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. நான் காப்பு கட்டியிருந்தேன். முதல் குடம் என்னுடையது.

ஒரு நாள் தண்ணீர் ஊற்றி முடிந்ததும், பக்கத்துத் தோட்டக்காரர்கள் எஞ்சின் வைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கம்பம் நிற்கும்போது குழாய்த் தண்ணீரில் பூ எடுப்பது அம்மனைச் சந்தேகப்படுவது மாதிரி, என் தோட்டத்துக்கு எஞ்சின் வராது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்னபோது பக்தியோடு சொன்னதாகத்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, குட்டையில தண்ணி நாளுக்கு நாள் இறங்குது. முந்தாநாள் முங்கியிருந்த கல்லு இன்னைக்கு வெளிய தெரியுது."

மழை வரும் என்றேன்.

"வந்தா நல்லதுதானுங்க. ஆனா அந்தக் குட்டைத் தண்ணியும் அம்மன் குடுத்ததுதானுங்க? இதுக்குன்னுதான குடுத்தா?"

பொம்பளைக்கு என்ன தெரியும் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். சரியான வார்த்தை இப்போது நினைவில்லை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மேகம் கூடியது. இடி மலையையே உலுக்கியது. நான் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழை ஒரு பத்து நிமிடம் தூறியது. அதோடு காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. குச்சியால் மண்ணைக் கிளறினேன். மேலே ஒரு விரல்கடை ஈரம், அதற்குக் கீழே புழுதி.

காப்பிக்காரனுக்கு மழை இல்லாததைவிடக் கெடுதல் இந்த அரைமழை. தூங்கும் மொட்டை எழுப்பிவிடும், விரிய வைக்காது. நாலைந்து நாளுக்குள் மேற்கொண்டு தண்ணீர் கிடைக்காவிட்டால் மொட்டு சிவந்து கருகிப்போகும்.

அப்போதே மொபெட்டை எடுத்துக்கொண்டு செம்மநத்தம் போனேன். எஞ்சின்காரர் வாசலிலேயே இருந்தார்.

"வாங்க வாங்க. உங்க தோட்டத்துக்கு எஞ்சினே வேண்டாம்னு கோயில்ல சொன்னீங்களாமே?"

தலையைக் குனிந்துகொண்டு, நாளைக்கே வேண்டும் என்று கேட்டேன்.

"உங்களுக்கு முன்னால மூணு பேரு நிக்கறாங்க சாமி. அந்தத் தூறல் எல்லாரு தோட்டத்துலயும்தானுங்களே விழுந்துது?"

தூறல் விழுந்து நான்காம் நாள்தான் எஞ்சின் வந்தது. அதற்குள் வெயில் குட்டையையும் விட்டுவைக்கவில்லை. குழாயை மாற்றி மாற்றி வைத்தும் மேல் பாதி நனைந்ததோடு குட்டை வற்றி எஞ்சின் காற்றை இழுக்கத் தொடங்கியது. கீழ் பாதிக்குச் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. மனைவி அடியில் கிடந்த கலங்கலைக் குடத்தில் அள்ளி இரண்டு செடிக்கு ஊற்றிப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அன்று மகளின் போன் வந்தபோது, சேலத்தில் ஆலங்கட்டியோடு நல்ல மழை என்றாள். மலையில் பெய்ததா என்று கேட்டாள். இல்லை கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மேல் பாதி பூத்தது. வாசம் வீடு வரைக்கும் வந்தது. கீழ் பாதிக்குப் போய் ஒரு கிளையைப் பிடித்தேன். மொட்டெல்லாம் செங்கல் நிறத்தில் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்தன. கம்பம் பிடுங்கும் வரைக்கும் தினமும் முதல் குடம் ஊற்றினேன். ஊற்றும்போது அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் தராமல் இல்லை. குட்டை நிறையத் தந்திருந்தாள். ஊர் முன்னால் நான் விட்ட வார்த்தையை மீற முடியாமல், அதற்குப் பக்தி என்று பேர் வைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் எங்கள் தோட்டத்துக் காப்பிப் பழம் நாலே நாளில் பறித்து முடிந்தது. அடுத்த நாள் மனைவி கூடையை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்குக் கிளம்பினாள். கல்யாணம் ஆகி வந்ததில் இருந்து அவள் வெளித் தோட்டத்தில் பழம் பறித்ததில்லை. நானும் கூடவே போனேன். கணக்கு எழுதும் ரைட்டர் எங்களைத் தெரிந்தவர்.

"என்னங்க, சொந்தத் தோட்டத்த வெச்சுக்கிட்டு இங்க வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இந்த வருசம் எங்க பக்கம் மழை பத்தலைங்க."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல், கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு செடி வரிசைக்குள் நடந்தாள்.