மஞ்சள் துணி சுற்றிய கல்

சோணையம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்து நான்கைந்து முறை எழுந்துபோயிருக்கிறேன். அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதற்கான துணிச்சல் இத்தனை வருஷமாக வரவில்லை. இப்போதும் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அவர் சோழவந்தானை அடுத்த ஒரு சிற்றூர்க்காரர். சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிறருடைய கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கூலி வேலை. புருஷன் மலைச்சாமி கிணறு வெட்டும்போது மண் சரிந்து, இடுப்பு போய், வீட்டோடு முடங்கினார். அதற்குப் பிறகுதான் சோணையம்மாள் கூலிக்குப் பதில் வெற்றிலையாகவே வாங்கி, ஈரத்துணி போட்டுக் கூடையில் அடுக்கி, காலைப் பாசஞ்சரில் மதுரைக்கு வர ஆரம்பித்தார். அவரைப் பார்த்து அதே ஊரிலிருந்து இன்னும் பத்துப் பெண்கள் கிளம்பினார்கள். மாசி வீதிக்குப் பின்னால் நாங்கள் தானியச் சந்து என்று சொல்லும் தெருவில் பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை, வாழையிலை, கொத்துமல்லி என்று விற்பார்கள். வரிசையின் தலைமாட்டில் சோணையம்மாள்.

நான் பிச்சுமணி. குடியிருப்பு தல்லாகுளம். நகரத்தைச் சீர்செய்வதற்கென்று வைத்த ஒரு அலுவலகத்தில் படம் வரைகிற உத்தியோகம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், செய்தவன் நான். தினமும் சைக்கிளில் பாலம் தாண்டி அந்தச் சந்து வழியாகத்தான் போவேன். சாப்பாட்டுக்குப் பிறகு நாலு வெற்றிலை போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது. என் சைக்கிள் மணி கேட்டதுமே சோணையம்மாள் கொழுந்தாகப் பொறுக்கித் தனியே எடுத்து வைத்துவிடுவார். அவர் என்னைச் சாமி என்பார். நான் அவரை நீ, வா, போ என்பேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இங்கே 'அவர்' என்று எழுதிக்கொண்டிருக்கிறேனே, அந்த மரியாதையை நேரில் கொடுக்க எனக்கு வெகு காலம் ஆயிற்று.

எழுபதுகளின் கடைசியில் அந்தச் சந்து படுத்துவிட்டது. லாரி நுழைய வழியில்லாமல் மொத்த வியாபாரம் ஊருக்கு வெளியே போனது. ஆற்றுக்கு வடக்கே புதுக் குடியிருப்புகள் வந்து, வசதியுள்ளவர்கள் அங்கேயே கடை பார்த்துக்கொண்டார்கள். சந்தில் பாதிக் கடைகளுக்குப் பூட்டு. மீதிக் கடைக்காரர்கள் சங்கமாகக் கூடி, நடைபாதையில் உட்கார்ந்து விற்கிறவர்களால்தான் நல்ல ஜனம் உள்ளே வருவதில்லை என்று மனுக் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் சொக்கநாதன். பாத்திரக்கடைக்காரர், கத்திப் பேசுகிறவர், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

சந்து முழுவதையும் புதுசாக்கத் திட்டம் வந்தது. படம் வரையச் சொன்னார்கள். வரைந்தேன். தளம் போட்ட நடைபாதை, விளக்குக் கம்பங்கள், வரிசையாகப் புங்கமரம், கைப்பையோடு நடந்துபோகும் பெண்கள். கூடைக்காரர்களுக்கென்று பின்னால் இருந்த காலி மனையில் ஒரு சிறு அங்காடி. அதில் இந்தப் பக்கம் பதினாறு கடை, அந்தப் பக்கம் பதினாறு கடை. முப்பத்திரண்டுக்கு வேறு காரணமே கிடையாது, பார்க்க லட்சணமாக இருந்தது. சந்தில் போய் ஆட்களை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. தினம் போகிற சந்துதானே என்ற திமிர். அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு அதிகாரியின் அறையில் மாட்டினார்கள். யார் வந்தாலும் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இவர்தான் வரைந்தது" என்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எண்பத்தொன்று வைகாசியில் கட்டடம் முடிந்தது. அதே சமயம் என் பெண் ஜானுவுக்கு ஆனியில் முகூர்த்தம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு இத்தனை கட்டு வெற்றிலை என்று சோணையம்மாளிடம் சொன்னேன்.

"முப்பது கவுளி வேணும். நல்லதாக் குடுக்கணும்."

"சாமி, ஜானு கல்யாணத்துக்கா நான் முத்தலைக் குடுப்பேன்? கொழுந்தாத் தாரேன்" என்றார். பிறகு, "நாளையிலருந்து எட்டு நாளைக்கு வரமாட்டேன். ஊர்ல பொங்கல் சாட்டியாச்சு. கல்லு இருக்கும், பாத்துக்கங்க" என்றார்.

இந்தக் கல் விஷயம் சந்தில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் ஊரில் அம்மனுக்குச் சாட்டிக் காப்புக் கட்டிவிட்டால், எட்டு நாளைக்கு யாரும் எல்லை தாண்டக் கூடாது. அதனால் கிளம்பும்போது அவரவர் உட்காரும் இடத்தில் ஒரு கல்லை வைத்து, அதில் மஞ்சள் துணியைச் சுற்றிவிட்டுப் போவார்கள். ஆள் சாமிக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்று அர்த்தம். இடத்துக்காகக் குடுமிப்பிடி சண்டை நடக்கிற சந்துதான். ஆனால் அந்தக் கல்லை யாரும் நகர்த்தியதில்லை.

மூன்றாம் நாள், அங்காடியில் கடை ஒதுக்கப் பெயர் எழுதி வரச் சொல்லி உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் போயாக வேண்டும். அதிகாரியும் கூட வந்தார். மெட்ராஸ்காரர், ஊருக்குப் புதுசு. நான் பெயர் எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் முப்பத்திரண்டு பேர். ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. அதற்கு அப்பால் வரிசையாகப் பதினோரு மஞ்சள் துணி.

அதிகாரி கேட்டார். "அது என்னய்யா?"

நாற்பத்து மூன்று பேர் என்று அந்த நிமிஷம் சொல்லியிருந்தால், எண்ணாமல் வரைந்த என் படத்தின் லட்சணம் வெளியே வந்திருக்கும். சட்டம் போட்டு மாட்டிய படம். நான் சொன்னேன்.

"கல்லு சார்."

"இடம் காலியா?"

"காலிதான் சார்."

வாழைப்பழம் விற்கிற காசிமாயன் பக்கத்திலேயே நின்றான். "சார், சோணையம்மா ஆளுக சாமிக்குப் போயிருக்காக. அவுக பேரையும் சேத்துக்கங்க" என்றான். அதிகாரி அதற்குள் நாலு எட்டு முன்னால் போய்விட்டார். "வரட்டும், எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நானும் நடந்தேன். பாரத்தில் 'காலி இடம் - 11' என்று என் கையாலேயே எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

எட்டு நாள் முடிந்து அவர்கள் வந்தபோது கல்லும் இல்லை, இடமும் இல்லை. தளம் போட ஜல்லி கொட்டியிருந்தது. அங்காடி வாசலில் ஒட்டிய பட்டியலில் பெயரும் இல்லை. பதினோரு பேரும் காப்புக் கட்டிய கையோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். அதிகாரி நல்ல மனுஷர்தான். விசாரிக்காமல் அனுப்பவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"பிச்சுமணி, நீங்க தினம் அந்த வழியா வரவர். இவங்க அங்க கடை போட்டிருந்தவங்கதானா? உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?"

சோணையம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் கவலையே இல்லை. தெரிந்த ஆள் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்ற தைரியம். அதிகாரியின் தலைக்கு மேலே என் படம் தொங்கியது.

"சரியாத் தெரியலை சார். வந்து போறவா நிறைய" என்றேன்.

பின்னால் நின்ற ஒச்சாயி, "ஏஞ்சாமி..." என்று ஆரம்பித்தார். சோணையம்மாள் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு அதிகாரியிடம் நிதானமாகச் சொன்னார்.

"ஆமாங்கய்யா. அவுகளுக்கு எங்களத் தெரியாது. சைக்கிள்ல போறவுக, குனிஞ்சா பாக்கப் போறாக?"

 பதினோரு பேரும் படி இறங்கிப் போனார்கள். நான் என் மேஜைக்கு வந்து பென்சில் சீவினேன். சீவிக்கொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி ஸ்யாமளா, "ஏன்னா, வெத்தலைக்குச் சோணையம்மாகிட்ட சொல்லியாச்சோல்லியோ?" என்று கேட்டாள். "அவள் இப்பல்லாம் வரதில்லை. வேற எடத்துல பாத்துக்கறேன்" என்றேன். ஜானுவின் கல்யாணம் நன்றாக நடந்தது. தாம்பூலத் தட்டை யார் நீட்டினாலும் எனக்கு மட்டும் கை நீளவில்லை. அன்றோடு வெற்றிலை போடுவதை விட்டேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதும் தெரியும்.

சந்து புதுசாயிற்று. படத்தில் இருந்தது எல்லாம் வந்தது, ஜனத்தைத் தவிர. முதல் தீபாவளிக்கு வேடிக்கை பார்க்க வந்தார்கள். அப்புறம் அதுவும் நின்றது. அங்காடி பின்னால் ஒளிந்துகொண்டிருந்ததால், அதைத் தேடிப் போய் யாரும் கொத்துமல்லி வாங்கவில்லை. முப்பத்திரண்டு பேரும் ஒவ்வொருவராக வேறு தெருவுக்குக் கிளம்பினார்கள். எண்பத்து நாலில் சொக்கநாதன் அலுவலகத்துக்கு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சார், நாங்க பண்ணுன தப்பு, ஒத்துக்கிறேன். வெத்தலை வாங்க வாரவதேன் போற போக்குல எங்கிட்ட ஒரு தூக்குவாளி வாங்குனா. அந்தப் பொம்பளைக இருந்தவரைக்கும் சந்துல ஆளு இருந்துச்சு. இப்பப் பகல்லயே நாய் படுத்துத் தூங்குது. எப்படியாச்சும் அவுகளக் கூட்டியாங்க."

மனுக் கொடுத்தவர் தப்பு என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். படம் வரைந்தவனுக்கு அது வாயில் வரவில்லை.

அதிகாரி மாறியிருந்தார். நடைபாதையிலேயே கட்டம் போட்டு, பழைய ஆட்களுக்கே கொடுப்பது என்று முடிவாயிற்று. இந்தத் தடவை நான் சந்தில் நடந்து, பழைய ஆட்களை விசாரித்து, நாற்பத்து மூன்று கட்டம் வரைந்தேன். பதினோரு பேரையும் நானே போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு சோழவந்தானுக்கு ரயில் ஏறினேன்.

சோணையம்மாள் கொஞ்ச நாள் பரவைச் சந்தையில் உட்கார்ந்து பார்த்தாராம். அங்கே ஏற்கனவே இருந்தவர்கள் இடம் கொடுக்கவில்லை. திரும்பவும் கூலிக்கு வெற்றிலை கிள்ளப் போய்விட்டார். கொடிக்காலுக்குள் செருப்போடு போகக் கூடாது. வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனேன். மூன்று வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க சாமி. இம்புட்டு வெயில்ல வந்திருக்கீகளே" என்றார். "ஜானு நல்லாருக்கா? பிள்ளை இருக்கா?"

"ஒரு பையன்" என்றேன். கட்டம், பட்டியல், இந்தத் தடவை பெயர் விட்டுப்போகாது என்றெல்லாம் உளறினேன். அவர் கிள்ளிக்கொண்டே கேட்டார். கடைசியில், எதற்கு வந்தேனோ அதைக் கேட்டேன்.

"அன்னிக்கு ஆபீஸ்ல நான் உங்களைத் தெரியாதுன்னுட்டேன். நீங்களும் அதையே சொன்னேளே, ஏன்?"

"பொண்ணுக்கு நாள் குறிச்சிருந்தீக. அந்த நேரத்துல உங்க வேலைக்கு ஒரு பழுது வந்தா அந்தப் பிள்ளைக்குல்ல ராசியில்லம்பாக? எங்களுக்கு எங்கிட்டாச்சும் ஒரு எடம் கெடைக்கும்னு நெனச்சேன்." இன்னொரு வெற்றிலையைக் கிள்ளி அடுக்கினார். "கெடைக்கல."

 அவரே சொன்னார்.

"கல்யாணத்துக்கு மொத நாளு முப்பது கவுளியும் கொண்டாந்தேன் சாமி. சந்துல எடமில்லேல்ல, அதான் மதுர டேசன்ல உக்காந்திருந்தேன், தேடி வருவீகன்னு. வேற எடத்துல வாங்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிவிட்டிருக்கலாம்."

பிழைப்பைக் கெடுத்ததற்கு ஒரு வார்த்தை கிடையாது. இதற்கு மட்டும்தான் அவருக்கு வருத்தம். வெறுங்காலோடு அந்த ஈர மண்ணில் நின்றபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. "மன்னிச்சுடுங்கோ" என்றேன். "அதெல்லாம் எதுக்கு சாமி" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை.

"எம் பேரு வேணாம். முட்டி மடக்க முடியல. ஒச்சாயி மக முத்துத்தாய் வரட்டும், என் எடத்துல அவ பேர எழுதிக்கங்க" என்றார். நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வைகாசியில எட்டு நாளு வரமாட்டா. கல்லு இருக்கும்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் சாமி."

பதினோரு பேரில் ஏழு பேர்தான் திரும்பி வந்தார்கள்; மீதி நாலு கட்டம் வேறு ஆட்களுக்குப் போயிற்று. சந்தில் மெல்ல மெல்ல ஆள் நடமாட்டம் வந்தது. சொக்கநாதன் கடையில் விளக்கு கூடுதலாக எரிந்தது. அடுத்த வைகாசியில் புது அதிகாரி சந்தில் பார்வையிட வந்தார். நான் நோட்டோடு பின்னால் போனேன். வரிசையின் கடைசியில் ஏழு கட்டத்தில் ஏழு மஞ்சள் துணி.

"என்ன, ஏழு இடம் காலியாக் கெடக்கு?" என்றார்.

"காலி இல்லை சார். ஆள் இருக்கா. ஊர்ல சாமி சாட்டியிருக்கு, எட்டு நாள்ல வந்துடுவா."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. நான் மட்டும் முத்துத்தாயின் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றேன். இவ்வளவுதானா, இதைச் சொல்லவா எனக்கு நாலு வருஷம் பிடித்தது என்று நினைத்தபோது, நடுச்சந்தில் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.