லா சப்பல் வடைக்கடையில் என் மூட்டுவாதப் போஸ்டர்

2016 ஜூனில் நான் பாரிஸ் போனது ஊர் சுற்ற அல்ல. இறுதியாண்டு மருத்துவ மாணவனான எனக்கு ஒரு மாணவர் மாநாட்டில் போஸ்டர் வைக்க இடம் கிடைத்திருந்தது. தலைப்பு: ‘மூட்டுவாதம் பற்றி மருத்துவ மாணவர்களுக்கு என்ன தெரியும்?’ அதிகம் தெரியாது என்பதுதான் முடிவு. அந்த மாணவர்களில் நானும் ஒருவன் என்பதை வசதியாக மறந்துவிட்டு எழுதியிருந்தேன்.

விமான நிலையத்திலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு ரயிலில் பத்து யூரோ, முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பத்து நிமிட நடை. காலை எட்டரைக்கு ஒரு யாழ்ப்பாணத்து உணவகத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வடை, ஒரு தேநீர், மூன்றரை யூரோ. மாநாடு மதியம் இரண்டு மணிக்கு. போஸ்டர் சுருட்டியபடி மடியில் இருந்தது.

கடைக்காரர் தட்டை இடது கையால் நீட்டினார். தேநீரையும் அப்படியே. எனக்குச் சுருக்கென்றது. “ஏண்ணே, வலது கையால குடுத்தா என்ன?” என்று கேட்டேவிட்டேன்.

“குறை நினையாதேங்கோ தம்பி. விடிய எழும்பினா வலக்கை விரல் மடக்கேலாது. பத்து மணிக்குப் பிறகுதான் இளகும். மூண்டு மாசமா இப்பிடித்தான். இப்ப இடக்கையும் தொடங்கீட்டுது.”

“குளிருதான் காரணம், தைலம் தேய்ங்க” என்றேன். ஜூன் மாதத்தில்!

வடையைக் கடிக்கும்போதுதான் உறைத்தது: காலையில் விறைக்கும் விரல்களைப் பற்றி என் போஸ்டரிலேயே எழுதியிருக்கிறேன். அதை மேசையில் விரித்தேன். ஒரு மூலை சட்னியில் விழுந்தது. பார்த்துப் பார்த்துக் கேள்விகள் கேட்டேன். அவருடைய விரல் முட்டிகளைச் சேர்த்து மெல்ல அழுத்தினேன். “ஐயோ!” என்று கத்தினார். முட்டிகள் வீங்கியும் இருந்தன. பக்கத்து மேசைக்காரர் உடனே தன் முழங்காலை என் பக்கம் நீட்டினார்.

“மூட்டுவாதமா இருக்கலாம்ணே. தள்ளிப்போட்டா விரல் கோணிடும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்க.”

“அப்ப கடையை ஆர் பாக்கிறது?”

“விரல் கோணினா மட்டும் யாரு பாப்பா?” என்று சத்தம் போட்டேன். பயம்தான் கோபமாக வந்தது. அவர் தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்துப் பிரெஞ்சில் பேசினார். “வியாழன் காலமை ரொந்தேவு” என்றார். டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார்.

மாநாட்டில் சட்னிக் கறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரு பேராசிரியை மட்டும், “இதுவரை எத்தனை கைகளை இப்படிப் பரிசோதித்திருக்கிறீர்கள்?” என்றார்.

“ஒரே ஒருவருடைய கையை. இன்று காலை.”

வெள்ளிக்கிழமை ஊர் திரும்பும் வழியில் கடைக்குப் போனேன். மூட்டு நிபுணருக்கு டாக்டர் எழுதிய கடிதத்தைக் கடைக்காரர் காட்டினார். “ஆர் சொல்லி வந்தனீங்கள் எண்டு டொக்டர் கேட்டவர். இந்தியாவிலயிருந்து வந்த பெரிய ஸ்பெசலிஸ்ட் எண்டு சொல்லிப்போட்டன்.”

நான் அதைத் திருத்தாமல் இரண்டு வடை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் கடைக்குப் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வடை கிடைக்காது. ரயிலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும் விமானம் பத்து மணி நேரம். நான் பாடப்புத்தகத்தின் மூட்டு நோய் அத்தியாயத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். அந்த மனிதர் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே.