மாமியின் கறிவேப்பிலையும் மாமாவின் இங்கிலாந்துக்காரரும்

அட்டை கழன்று பிளாஸ்திரி ஒட்டிய ஓர் ஆங்கிலப் புத்தகம் என் மாமனாரின் தலைமாட்டில் எப்போதும் கிடந்தது. பழைய காலத்து இங்கிலாந்துக்காரர் ஒருவர் பறவையையும் செடியையும் மழையையும் பார்த்துப் பார்த்து எழுதிய சிந்தனைகள். யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிப்பித்த மாமா அதை மனப்பாடமாக வைத்திருந்தார். கனடாவுக்கு, மொன்றியலின் ரொக்ஸ்பரோவுக்கு வந்த பிறகும் வானிலை அறிக்கையை நம்பமாட்டார். அந்த மனிதரைத்தான் நம்புவார். செத்து மண்ணாய்ப்போன வெள்ளைக்காரன் ஒருவன் எங்கள் வீட்டில் அறை எடுத்துக் குடியிருப்பது போல எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மாமிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயிருந்த காலம் அது. பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண், விடாமல் செய்தால் நடப்பார் என்று உறுதியாகச் சொல்லியிருந்தாள். மாமியும் விடவில்லை. யன்னலடியில் சாடியில் நின்ற தன் கறிவேப்பிலைச் செடிவரை பிடித்து நடக்கும் வோக்கரைத் தள்ளிக்கொண்டு போவார். இடக்கையால் ஓர் இலை கிள்ளி, வியர்த்துப்போய் என்னைப் பார்த்துச் சிரிப்பார். மொன்றியல் குளிரில் கறிவேப்பிலையைக் காப்பாற்றுவது எங்கள் பெண்களுக்குப் பிள்ளை வளர்ப்பது மாதிரி. மே மாதம் முடியுமட்டும் யாரும் அதை வெளியே வைப்பதில்லை.

ஏப்ரல் கடைசியில் ஆற்றங்கரையில் தகைவிலான் குருவிகளைக் கண்டுவிட்டு மாமா துள்ளிக்கொண்டு வந்தார். அந்தக் குருவி வந்தால் குளிர் முடிந்தது என்று இங்கிலாந்துக்காரர் எழுதியிருக்கிறாராம். சாடியைத் தூக்கினார். மாமி தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார்.

"மாமா, இது இங்கிலாந்து இல்லை. மே முடியட்டும், பேந்து வைப்பம்," என்றேன்.

"எனக்குப் படிப்பிக்காதை பிள்ளை," என்று வெளியே கொண்டுபோய் வைத்தார்.

அன்றிரவே உறைபனி விழுந்தது. காலையில் செடி கறுத்துத் தொங்கியது. பிழை விட்டிட்டன் என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை. மாமியின் கட்டிலடியில் நின்று, வகுப்பில் நிற்பதைப் போலச் சொன்னார்: "பலவீனமானதை இயற்கை வைச்சிருக்காது. அந்த மனுசன் அப்பவே எழுதிவைச்சிட்டார். போறது போகட்டும்."

மறுநாள் பயிற்சிப் பெண் "போன்ஜூர் மதாம்" என்று சிரித்தபடி வந்தாள். மாமி இடக்கையால் வெளியே நின்ற கறுத்த செடியைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதோடு சரி, வோக்கரைத் தொடவில்லை. அவள் கெஞ்சினாள், நான் கெஞ்சி அழுதேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இலை கொட்டும் காலத்தில் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார்.

உறைபனியில் எனக்குக் கோபமில்லை, அது ஆள் பார்த்து வருவதில்லை. அந்த இங்கிலாந்துக்காரரும் தன் ஊரில் கண்டதைத் தன் ஊருக்கு எழுதினார், பாவம். அதை எடுத்துப் பெண்சாதியின் முகத்தில் அடித்தவரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது மாமாவுக்குக் கண் தெரியாது. கோப்பி கொடுக்கும்போது சிலநாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்:

"செடி கறுத்த அண்டைக்கு நான் சொன்னது மாமிக்கு விளங்கியிருக்காது, என்ன பிள்ளை? அவவுக்கு மூளையும் பாதிச்சுத்தானே கிடந்தது."

ஓம் என்று ஒரு பொய் சொன்னால் போதும், மனுசன் நிம்மதியாகக் கண்ணயர்வார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"எல்லாம் வடிவா விளங்கினது மாமா," என்பேன். "ஒரு சொல்லும் விடாமல்."