ஐந்து வயசுக்கு ஒரு ரேஸ் ட்ராக்

போன வாரம் ஒரு பொம்மைக் கடையில் சண்டை போட்டேன். சின்னச் சண்டை இல்லை. பில் போடுகிற பெண் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் அளவுக்குச் சண்டை. இன்னும் கோபம் தீரவில்லை. அதனால் இந்த வாரம் உங்களிடம்தான் கொட்டப்போகிறேன்… பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளாங்குடியில் இருக்கும் என் தம்பி செந்திலுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் இனியா. ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. சின்னவன் கவின், இப்போதுதான் நடக்கப் பழகுகிறான். தரையில் கிடப்பது எதுவானாலும் அவனுக்குத் தின்பண்டம்.

பிறந்தநாளுக்கு இனியா கேட்டது ஒன்றே ஒன்று – ஸ்லாட் கார். ஒரு மாலில் பெரிய பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்திருக்கிறாள். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் ட்ராக். அதில் பள்ளமாக ஒரு கோடு. காரின் அடியில் இருக்கும் முளை அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். கையில் விசை வைத்த ஒரு கன்ட்ரோலர். அமுக்கினால் கார் ஓடும். ரொம்ப அமுக்கினால் வளைவில் பறந்துவிடும். ஸ்டியரிங் கிடையாது, வேகம் மட்டும்தான் நம் கையில்.

கோச்சடையில் இருக்கும் என் வீட்டிலிருந்து நானும் வந்து சேர்ந்துகொண்டேன். நான், செந்தில், இனியா மூவரும் டவுனுக்குள் ஒரு பெரிய கடைக்குப் போனோம்.

சேல்ஸ்மேன் இனியாவைப் பார்த்தார். "பொம்பளப் புள்ளைக்கா மேடம்? கிச்சன் செட் புதுசா வந்திருக்கு. மிக்ஸி ஒரிஜினல் மாதிரியே சத்தம் போடும்."

மிக்ஸி சத்தம் வீட்டில் கேட்பது போதாதா? "கார் ட்ராக் வேணும்" என்றேன். அவர் உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்த பெட்டி, இனியாவை விட உயரம். தலைகீழாகச் சுற்றும் லூப், பாலம், நாலைந்து வளைவு. ஓரத்தில் 'எட்டு வயதுக்கு மேல்' என்று அச்சடித்திருந்தது. விரல் வைத்துக் காட்டினேன்.

"அது சும்மா போடுறது மேடம். இப்பத்த புள்ளைக எம்புட்டு ஸ்மார்ட்டு! செல்போன எடுத்து அதுகளே ஓட்டுதுக, இத ஓட்டாதா?"

சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி வேறு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்தால் பிறந்தநாள் யாருக்கு என்றே சந்தேகம் வரும்!

"வாங்குறதுதான் வாங்குறோம், பெருசா வாங்கிருவோம்க்கா. வளர வளர வெளாடட்டும்."

நம் ஊரில் யூனிஃபார்ம் தைப்பது அப்படித்தான். பாவாடையை மடித்துத் தைக்கலாம், ஷூவுக்குள் பஞ்சு வைக்கலாம். பொம்மைக்குள் என்ன வைப்பது? சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை. கேக் வெட்டியதும் பெட்டியைப் பிரித்தார்கள். செந்திலும், அவன் மனைவி கவிதாவின் தம்பி பாண்டியும் ஹாலில் உட்கார்ந்தார்கள். ஒரு துண்டு சேர்ந்தால் இன்னொன்று கழன்றது. புது ஃபிராக் போட்டுக்கொண்டு இனியா பக்கத்திலேயே நின்றாள். அவள் கை நீட்டியபோதெல்லாம், "தொடாதடா தங்கம், இரு" என்றார்கள். ஒருவழியாகக் கார் ஓடியது. யார் ஓட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்?

"மச்சான், லூப்புல விடுங்க, விடுங்க!"

"மாப்ள, ஒன் வண்டி அம்புட்டுத்தான். பாரு இப்ப!"

இரண்டு ஆண்கள், குப்புறப் படுத்துக்கொண்டு. பிறந்தநாள் பிள்ளை சோபா ஓரத்தில்.

நான் ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் கன்ட்ரோலர் இனியா கைக்கு வந்தது. ஐந்து வயசு விரலுக்கு அமுக்கத் தெரியும், விடத் தெரியும். பாதி அமுக்குவது என்பது அந்த விரலுக்கு இன்னும் வராத வித்தை. முழு பலத்தோடு அமுக்கினாள். முதல் வளைவிலேயே கார் பறந்தது. எடுத்து வைத்தார்கள். மறுபடி பறந்தது. "மெதுவா, மெதுவா! ஒனக்குச் சொன்னா புரியாதா?" என்று செந்தில் கத்தினான். அடுத்த தடவை கார் போய் இரும்பு பீரோவில் 'டங்'கென்று மோதி, சக்கரம் தனியாக உருண்டது.

இனியா அழவில்லை. கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தாள். "எனக்கு வேணாம். நீங்களே வெளாடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவளைச் சமாதானப்படுத்த நான் எழுந்திருக்கும்போது கவிதா உடைந்த காரைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். "மதினி, இதுக்கு அடியில கருப்பா ரெண்டு துண்டு இருந்துச்சே… எங்க?"

காந்தம். கார் ட்ராக்கை விட்டு எழும்பாமல் இருக்க அடியில் வைக்கிற காந்தம், சுண்டல் கடலை அளவு.

எல்லோரும் ஒரே நேரத்தில் கவினைப் பார்த்தோம். அவன் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

கவிதா பாய்ந்தாள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவி எடுத்தாள். கார் டயர், ரப்பர். காந்தம் வாயில் இல்லை. சோபாவுக்கு அடியிலும் இல்லை, பாயை உதறியும் இல்லை. "முழுங்கிட்டியாடா? சொல்லுடா!" என்று பேச்சு வராத பிள்ளையைப் பிடித்து உலுக்கினாள். பாண்டி பைக்கை எடுக்க ஓடினான். செந்தில் காரையும் கையில் பிடித்தபடியே ஆட்டோவில் ஏறினான். அதை ஏன் எடுத்து வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்.

காந்தம் இருந்த குழியை டாக்டரம்மா பார்த்தார். "ரெண்டா?" என்றார். "ஒண்ணுன்னாலே கவலைதான். ரெண்டு உள்ள போச்சுன்னா குடலுக்குள்ள ஒண்ணை ஒண்ணு இழுக்கும். நடுவுல மாட்டுற சதை ஓட்டையாயிரும். ஆபரேஷன் வரைக்கும் போகும். இதெல்லாம் தெரிஞ்சுதான் பெட்டியில வயசு போடுறாங்க. யாருங்க படிக்கிறீங்க?"

செந்தில் சுவரைப் பார்த்து நின்றான். எக்ஸ்ரே வரும்வரை கவிதா கவினை மடியை விட்டு இறக்கவில்லை. கவின் மட்டும் அவள் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கவிதா அதற்குப் பிறகுதான் அழுதாள்.

காந்தம் இரண்டும் வீட்டில்தான் இருந்தன. பீரோவின் அடிப்பட்டியில் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனேன். ஓனர் கல்லாவில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பெட்டியின் ஓரத்தைக் காட்டினார்.

"எட்டு வயசுன்னு தெளிவா போட்டிருக்குல்ல மேடம்? படிச்சுப் பாத்துத்தான வாங்கணும்? பிரிச்ச சாமான் ரிட்டர்ன் கெடையாது."

"அது சும்மா போடுறதுன்னு ஒங்க ஆளு சொன்னாரே?"

"யேவாரம்னா ரெண்டு வார்த்தை கூடத்தான் பேசுவாங்க. அத வச்சு நாங்க என்ன பண்றது?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை. படித்துக் காட்டினால் 'சும்மா' என்பது, பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனால் 'படிக்கலையா' என்பது! எழுத்து ஒன்றுதானே? அது விற்கும்போது செல்லாது, சண்டை வரும்போது மட்டும் செல்லுமா?

பக்கத்தில் ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். கீழக்குயில்குடிக்காரர்களாம். கணவர் இடுப்பில் மூன்று வயசுப் பையன். அவர் மனைவி கையில்… அதே செட். "யக்கா, இது எம்புட்டு வயசுக்கு உள்ளது?" என்றார் அந்தப் பெண்.

அவர் கையிலிருந்த பெட்டியைத் திருப்பினேன். வயசு எண் இருக்க வேண்டிய இடத்தில் தள்ளுபடி ஸ்டிக்கர். நகத்தால் உரித்தேன். எட்டு, பளிச்சென்று வந்தது.

"மேடம், யேவாரத்தைக் கெடுக்காதீங்க" என்று ஓனர் எழுந்தார்.

"ஸ்டிக்கர் ஒட்ட வேற எடமே கெடைக்கலையாண்ணே?" என்று அந்தப் பெண் அவரைக் கேட்டார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "நீ நட மாமா" என்று கணவரையும் இழுத்துக்கொண்டு வெளியேறினார். ஓனர் உட்கார்ந்தார். 

நானும் இன்னொரு கடைக்குப் போனேன். இந்த முறை கேள்வி கேட்டு வாங்கினேன். முதல் செட் என்றால் மேடு, லூப் எதுவும் வேண்டாம், தரையோடு ஒட்டிய ஒரு முட்டை வடிவ ட்ராக் போதும். கார் குழந்தையின் கையில் நிறையும் அளவு பெரிதாக இருக்கட்டும். கன்ட்ரோலரை முழுசாக அமுக்கினாலும் கார் வெளியே பறக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கான செட்களில் வேகத்துக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். காரைக் கவிழ்த்துப் பாருங்கள்: காந்தம் இருந்தால் விரலால் நெம்ப முடியாதபடி உள்ளே மூடியிருக்க வேண்டும், முடிந்தால் காந்தமே இல்லாதது நல்லது. பேட்டரி மூடிக்கு ஸ்குரூ இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால், அது தூங்கும்போது மட்டும் ட்ராக் வெளியே வரட்டும். வயசு வரியைத் தேடிப் படியுங்கள். மேலே ஏதாவது ஒட்டியிருந்தால் உரியுங்கள்.

புது செட்டை இனியா முதலில் நம்பவில்லை. துண்டுகளை அவளே சேர்த்தாள். பயந்து பயந்து அமுக்கினாள். கார் வளைவில் திரும்பியது. முழுசாக அமுக்கினாள். அப்போதும் திரும்பியது. "அத்தை… போகுது!" என்றாள்.

செந்தில் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மகளிடம் போய் உட்கார்ந்து, "அன்னைக்கு ஒன்னைய வைஞ்சுட்டேன்ல? தப்புடா" என்றான். அவள் தலையாட்டினாள். காரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தம்பியிடம் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. கடைக்காரரிடம் தீரவில்லை, தீரவும் போவதில்லை. மற்றபடி அப்பாக்களுக்கு ஒன்று: ஆசை இருந்தால் உங்களுக்கென்று தனியாக ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் எட்டு வயசு தாண்டிவிட்டதே!